கயிறு பிடித்த மச்சான்

கூகைப்பாறையில் தேன் எடுக்கும் மாதனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் பாறையின் ஒவ்வொரு பிளவும் அவன் விரலுக்குத் தெரியும். அந்தப் பாறையைச் சுருட்டப் பார்த்த ஜமீன்தார், ஊரையே உச்சிக்குக் கூட்டிவந்தார்.

"இப்பவே இறங்கித் தேனோட ஏறி வா. முடியலேன்னா பாறை எனக்கு. எங்கே, இறங்கு மாப்பிள்ளை!" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

மாதன் கும்பிட்டான். "வாயார மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுட்டீங்க சாமி. எங்க வழக்கத்துல கயிறு பிடிக்கிறது பெண்டாட்டியோட அண்ணன்தான். தங்கச்சி தாலிய நெனச்சுக் கையை விடமாட்டான். இனிமே நீங்கதான் எனக்கு மச்சான்."

"அதானே வழக்கம்!" என்றது ஊர். ஜமீன்தாரால் சொன்ன சொல்லை விழுங்க முடியவில்லை. கயிற்றின் ஒரு முனையை அவர் இடுப்பிலும் மறுமுனையை மாதன் இடுப்பிலும் கட்டினார்கள்.

மாதன் தடவித் தடவி இறங்கினான். தேனடையை முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினான். பாதியில் அவன் காலடிக் கல் ஒன்று பெயர்ந்தது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவே நேரமாயிற்று.

கீழிருந்து மாதனின் குரல் வந்தது.

"மச்சான்! கயிறு நடுங்குது. கண்ணைத் திறங்க. ஒரு கயித்துக்கு ஒரு குருடன் போதும்!"