பூட்டை உடைத்த மூவர்

இந்தக் கதையைப் பொறுமையாகச் சொல்ல எனக்கு வராது. கேட்கிற நீங்கள்தான் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் நியாயமாக ஒரு பதில் சொல்ல வேண்டும்.

நெடும்பாறை என்று ஒரு மலையூர். அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மலையிறங்க வேண்டும். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகள் குளிரில் விறைத்துப் போகின்றன என்று ஊர்க்காரர்கள் பத்து வருடம் மனு மேல் மனு போட்டார்கள். போன ஐப்பசியில்தான் அரசாங்கம் மனம் இரங்கி ஒரு தனி அறை கட்டிக் கொடுத்தது. பச்சைக் குழந்தையைப் படுக்கவைத்துச் சூடு கொடுக்கும் வார்மர் ஒன்றும் வந்து இறங்கியது.

மாவட்ட சுகாதார அதிகாரி டாக்டர் வேதமூர்த்தி நேரில் வந்தார். சுவிட்சைப் போட்டு, உள்ளங்கையை வார்மரின் கீழே நீட்டி, "நல்லாவே சூடாகுது" என்று சிரித்தபடி போட்டோவுக்கு நின்றார். பிறகு அறையைப் பூட்டி, வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டச் சொல்லிவிட்டு, சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அமைச்சர் வந்து திறந்துவைத்த பிறகுதான் யாரும் உள்ளே கால் வைக்க வேண்டுமாம்.

அமைச்சர் கொடுத்த முதல் தேதி கட்சிக் கூட்டத்தால் தள்ளிப்போனது. இரண்டாவது தேதி யார் வீட்டுக் கல்யாணத்தாலோ தள்ளிப்போனது. அதற்குள் மார்கழி வந்துவிட்டது. மார்கழியில் திறப்பு விழா வேண்டாம், தை பிறக்கட்டும் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். ஏனய்யா, பிள்ளைகள் என்ன பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டா பிறக்கின்றன?

மார்கழி ஐந்தாம் தேதி காலை, மாராயி என்கிற பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. பிரசவ அறையிலிருந்து அந்தப் பூட்டிய அறைக்கு இருபது காலடி தூரம்தான். ஒப்பந்த நர்ஸ் தமயந்தி அதிகாரிக்குப் போன் போட்டு, சாவியைக் கொடுத்தனுப்புங்கள், இல்லையென்றால் பூட்டை உடைக்கவாவது அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சினாள்.

"அமைச்சர் திறக்காத ரூமை நான் திறந்தா என் வேலை என்ன ஆகும்னு யோசிச்சீங்களாம்மா? துணியில நல்லாச் சுத்தி அனுப்பிவைங்க" என்றார் அவர்.

அவளும் சுற்றினாள். இருந்த துண்டையெல்லாம் சுற்றி, தாயின் மார்போடு சேர்த்து வைத்து, நூற்றியெட்டு வண்டியில் ஏற்றினாள். பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

பதினெட்டாம் தேதி நடுப்பகலில் இன்னொருத்திக்கு அதே மாதிரி ஒரு குழந்தை, இதுவும் எட்டாம் மாதம். இந்தத் தடவை தமயந்தி யாருக்கும் போன் போடவில்லை. குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டே காவலாளியைக் கூப்பிட்டாள். "சூசையண்ணே, பூட்டை உடைங்க. நான் பார்த்துக்கறேன்." சூசை மறு பேச்சுப் பேசாமல் கடப்பாரையை எடுத்துவந்து ஒரே நெம்பாக நெம்பினார். குழந்தை வார்மரில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் நீலம் போய், சிவந்து, வீறிட்டு அழுதது. இரண்டே நாளில் தேறித் தாய் மடிக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அது நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கிறது.

யாராவது வந்து சபாஷ் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்களா? மூன்றாம் நாள் வேதமூர்த்தி வந்தார், கையில் புதுப் பூட்டோடு. வந்ததும் முதல் வேலையாக அறையைப் பூட்டினார். அப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். சோதித்தே பார்க்காத கருவியில் குழந்தையை வைத்தது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று அரை மணி நேரம் கத்தினார். முன்னால் அச்சடித்த ஒரு தாள். நடுவில் ஒரே ஒரு வரி காலியாக இருந்தது: குற்றத்துக்குப் பொறுப்பானவர் பெயர்.

உடைக்கச் சொன்னது நான், என் பெயரை எழுதுங்கள் என்றாள் தமயந்தி. அந்த அம்மா வாயால்தான் சொன்னார்கள், கடப்பாரை பிடித்தது என் கை, என் பெயரை எழுதுங்கள் என்றார் சூசை. அதிகாரி பேனாவைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து இன்னொரு குரல் வந்தது. மாராயி நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் உடைச்சேன் ஐயா."

அதிகாரிக்கு எரிச்சல் தாங்கவில்லை. பதினெட்டாம் தேதி நீ இந்த ஊரிலேயே இல்லையாமே, யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்று அதட்டினார்.

"இல்லதான் ஐயா. அதுக்குப் பதிமூணு நாள் முந்தியே நான் உடைச்சிருக்கணும். அன்னிக்கு எனக்குத் தோணல. இப்ப என் பேரை எழுதிக்குங்க."

பேனா அந்தரத்திலேயே நின்றது.

மூன்று பேரும் நான்தான் என்கிறார்கள். தாளில் ஒருவர் பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் யார் பெயரை எழுதுவீர்கள்?

விடை: எழுதவே வேண்டாம். தாளின் அடியில், விசாரணை அதிகாரி கையெழுத்துப் போடும் இடத்தைப் பாருங்கள். பொறுப்பானவர் பெயர் அங்கே ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. வார்மர் வேலை செய்கிறது என்று தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டவர் அவர். சாவியை வைத்திருந்தவர் அவர். துணியில் சுற்றச் சொன்னவரும் அவர். மேலே இன்னும் இடம் இருந்தால், தை பிறக்கட்டும் என்று சொன்னவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தாள் முழுக்கத் தேடினேன். பூட்டின் விலைகூட இருக்கிறது, மாராயியின் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை.