வயிற்றைக் கேட்டுச் சாப்பிட்ட மூவர்

காக்காச்சிபுதூர் பெண்கள் பள்ளியில் பத்தாவது படித்த கோகிலவாணி, இந்திராணி, சம்பூரணி மூவரும், யார் எதைச் சொன்னாலும் அட்சரம் பிசகாமல் செய்வார்கள். அந்தப் பள்ளிக்கு இருந்த ஒரே பிரச்சினை அதுதான்.

சனிக்கிழமை கோ-கோ விளையாட்டுப் போட்டி. சம்பூரணியோ வரமாட்டேன் என்றுவிட்டாள். ஜெர்ஸியில் குண்டாகத் தெரிகிறாளாம். இளைப்பதற்காக மதியச் சாப்பாட்டை விட்டாள். பயிற்சி நேரத்தில் மைதானத்தில் மயங்கி விழுந்தாள்.

பள்ளி நர்ஸ் மரியபுஷ்பம் வந்து தண்ணீர் தெளித்து எழுப்பினார். அப்படியே மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "பட்டினி கிடக்காதீங்கம்மா. வயித்தைக் கேட்டுச் சாப்பிடுங்க. உப்பைக் குறைங்க. வியர்க்கிற வரைக்கும் ஓடுங்க. காலையில கண்ணாடியில உங்களைப் பார்த்துச் சிரிங்க."

"சரிங்கக்கா" என்றார்கள், பயபக்தியோடு.

மறுநாள் மதியம் சம்பூரணி குனிந்து, "வயிறே, சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"கர்ர்ர்" என்றது வயிறு.

"கறி கேக்குதுடி" என்றாள் கோகிலவாணி.

"இல்ல, கறிவேப்பிலைன்னு சொல்ல வந்துச்சு. பாதியில மூச்சு வாங்கிடுச்சு" என்றாள் இந்திராணி.

"கருவாடா இருக்குமோ?" என்றாள் வயிற்றுக்குச் சொந்தக்காரி.

சந்தேகம் தீர மறுபடி கேட்டார்கள். வயிறு வாயைத் திறக்கவில்லை.

"கோவிச்சுக்கிச்சு" என்று மூவரும் முடிவு செய்தார்கள். அதைச் சமாதானப்படுத்த சம்பூரணி மூன்று தட்டு சாம்பார் சாதம் சாப்பிட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் ஓடப் போனால் மழை. மூவரும் தொப்பலாக நனைந்தார்கள்.

"இது வியர்வையா, மழையா? வியர்வைன்னா நிறுத்தணுமே" என்றாள் இந்திராணி.

"நக்கிப் பாரு. உப்புக் கரிச்சா வியர்வை."

"உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்களே!"

"அப்ப என் கையை நீ நக்கு. என் உப்பு உன் கணக்குல வராது."

இருட்டும்வரை ஓடுவதும் நக்குவதுமாக இருந்தார்கள்.

காலையில் சம்பூரணி வீட்டுக் கண்ணாடி முன் நின்றார்கள். உடனே சண்டை.

"நீ என்னைப் பார்த்துச் சிரிச்சே!"

"நீதான் முதல்ல என்னைப் பார்த்தே!"

அவரவர் அவரவரை மட்டும் பார்ப்பது எப்படி? வெகுநேரம் யோசித்து, மூவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தார்கள். இருட்டில் சிரித்த சம்பூரணிக்கு என்னவோ மனசு லேசாகிவிட்டது. அதே கையோடு ஜெர்ஸியையும் மாட்டிக்கொண்டாள்.

போட்டி அன்று எதிரணிப் பெண்கள் ஒல்லி ஒல்லியாக இறங்கினார்கள். சம்பூரணியின் முகம் வாடியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த நர்ஸ் ஓரத்திலிருந்து, "அவங்க உடம்பு அவங்களுக்கு, உன் உடம்பு உனக்கு. ஒப்பிடாம ஓடு!" என்று கத்தினார்.

ஓடினாள். அப்படி ஓடினாள்! வளைந்தாள், நெளிந்தாள், கடைசிவரை ஒருத்தி கைக்கும் சிக்கவில்லை. கோப்பை காக்காச்சிபுதூருக்கு.

போட்டோகிராபர் கோப்பையை நாற்காலியில் வைத்து, "உயரமானவங்க பின்னாடி நில்லுங்க" என்றார்.

"யார் உயரம்னு தெரிய பக்கத்துல நின்னு பார்க்கணும். அது ஒப்பிடுறதாச்சே!" என்றாள் கோகிலவாணி.

"அப்ப எல்லாருமே பின்னாடி நிப்போம்."

"யாருக்குப் பின்னாடி?"

"இதென்ன கேள்வி, அவருக்குத்தான்."

கேமராவில் கண் வைத்திருந்த மனிதருக்கு முதுகுப்பக்கம் அணி முழுவதும் போய் நின்று சிரித்தது. அவரும் பழக்கதோஷத்தில் "ரெடி" என்று சொல்லி அமுக்கிவிட்டார்.

அந்தப் படம் தலைமையாசிரியை அறையில் மாட்டியிருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு கோப்பை, தூரத்தில் ஒரு வெள்ளாடு. யார் வந்தாலும் சம்பூரணி இழுத்துப்போய்க் காட்டுகிறாள்.

"பின்வரிசையில நடுவுல நான். எவ்வளவு அழகா விழுந்திருக்கேன் பாருங்க!"