எஸ்தரின் கல்

“அந்தச் சந்துல சண்டையே இல்ல மேடம். இல்லாத சண்டையை நான் எங்கேயிருந்து கொண்டு வர்றது?” என்று கேட்டார் தணிகாசலம்.

தணிகாசலம் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். இளமையில் குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டுக் காக்கி மாட்டியவர். அறுபது வயதில், தன் பிள்ளைகளைவிடச் சின்னவர்கள் நடுவே உட்கார்ந்து சமூகவியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டார். ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி. அது தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அவர் தனக்கென்று ஆசைப்பட்டது வாழ்க்கையில் இந்தப் பட்டம் ஒன்றுக்குத்தான்.

பேராசிரியர் ஷமீமாவுக்கு அவருடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். ஆய்வேட்டை இரண்டாவது முறையாகப் புரட்டினார்.

வடசென்னையில் ஒரு சந்து. அங்கே தண்ணீர் லாரி வரும்போது யார் முன்னே நிற்கிறார்கள், யார் பின்னே, ஏன்? இதுதான் ஆய்வு.

தணிகாசலம் எழுதியிருந்தார்: ‘வரிசை நேராக உள்ளது. அமைதி நிலவுகிறது. ஆளில்லாமல் வரிசையில் கிடந்த கற்கள் அப்புறப்படுத்தப்பட்டன.’

“நீங்க எங்கே நின்னீங்க?”

“லாரிக்குப் பக்கத்துல.”

“கையில என்ன இருந்தது?”

தணிகாசலம் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

“விசில் மேடம்.”

“ஊதினீங்களா?”

“வரிசை கோணலா இருந்துச்சே!”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். ஆனால் ஷமீமா அதைச் சொல்லவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அங்கேயிருந்து தண்ணி கொண்டு வாங்க.”

“அப்புறம் மேடம்?”

“அவ்வளவுதான்.”

மறுநாளே கொண்டுவந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் சந்தே வழிவிட்டதாம். “ஐயாவுக்கு முதல்ல புடிச்சு குடுங்க” என்று யாரோ சொல்ல, யாரோ பிடித்து, யாரோ வண்டியில் ஏற்றியும் விட்டார்களாம். பெருமையாகத்தான் சொன்னார்.

ஷமீமா குடத்தைத் தூக்கிப் போய், வராந்தாவில் இருந்த குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினார்.

“இந்தத் தண்ணி இல்ல.”

தணிகாசலம் மீசையை மழித்துக்கொண்டார். ஷூவைக் கழற்றிவிட்டுச் செருப்புக்கு மாறினார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். லாரிக்காரர் ட்யூபை அங்கேயே இழுத்து வந்து நிரப்பிக் கொடுத்தார்.

மறுபடியும் செடிக்குத்தான் போயிற்று.

“செடி அழுகிடும் மேடம்” என்றார் தணிகாசலம்.

ஷமீமா கையை நீட்டினார்.

“என்ன மேடம்?”

“விசில்.”

“ஊத மாட்டேன். சும்மா பையில கிடக்கட்டும்.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

தணிகாசலம் விசிலைக் கொடுத்தார். ஓய்வு பெற்ற அன்று தொப்பியைக் கழற்றியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

அதற்குப் பிறகு அவர் தினமும் போய் நின்றார். “ஐயா முன்னால வாங்க” என்றால், “வரிசைப்படி வரட்டும்” என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு சலித்துக்கொண்டார்கள். அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அவர் காதுபட யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்றெல்லாம் பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு வாரம் லாரி சரியாக வரவில்லை. வந்த நாளில் எல்லாருக்கும் நெஞ்சு வறண்டிருந்தது. தணிகாசலமும் சீக்கிரமே போனார். வரிசையின் நடுவில் ஒரு கருங்கல் கிடந்தது. பக்கத்தில் ஆளில்லை. பழக்கதோஷம், காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தார்.

“யோவ்!”

யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார்.

“யோவ், பச்சக் கொடம்! உன்னத்தான்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? எஸ்தர் கல்லத் தள்ற? எட்றா உன் கொடத்த!”

இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எதிரே நின்றவள் டில்லியம்மா. அந்தச் சந்தில் அவள் வைத்ததுதான் சட்டம். ஆனால் தணிகாசலம் விசிலோடு நின்ற நாட்களில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவர் பேட்டி கேட்டபோது “எல்லாம் நல்லா கீது ஐயா” என்று முடித்துக்கொண்டவள்.

தணிகாசலத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

டில்லியம்மா அவர் குடத்தைத் தூக்கிப் பின்னால் வீசினாள். கல்லை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

தணிகாசலம் குடத்தைப் பொறுக்கிக்கொண்டு கடைசிக்குப் போனார்.

முன்னால் நின்ற பெண் திரும்பினாள். “கோச்சுக்காத அண்ணே. எஸ்தர் நாலு வீட்டுல வேலை செய்யப் போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் அந்தக் கல்லுதான் எஸ்தரு.”

“ரெண்டு பேரும் சிநேகிதங்களா?”

“யாரு, டில்லியம்மாவும் எஸ்தரும்? நல்லா கேட்ட போ! செவுத்துத் தகராறுல போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனாங்க. மூஞ்சி பாத்துப் பேசி மூணு வருஷம் ஆச்சு.”

“அப்புறம் ஏன் இந்தம்மா அவ கல்லுக்காகச் சண்டை போடுது?”

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதுகூடத் தெரியாமலா தலை நரைத்தது என்பதுபோல இருந்தது பார்வை.

“பேச்சு வேற, கல்லு வேற அண்ணே.”

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. எந்தக் கல் யாருடையது, கர்ப்பிணிக்கு எந்த இடம், துக்க வீட்டுக்கு யார் பிடித்துக் கொடுப்பது, வாடகைக்கு வந்தவர்கள் எத்தனை நாள் கழித்துக் கல் வைக்கலாம், எல்லாம் வந்தது. பின்னாலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு மறுத்தார்கள், திருத்தினார்கள். தணிகாசலம் கேட்டுக்கொண்டே நின்றார்.

லாரி வந்தது. பாதி வரிசையிலேயே தண்ணீர் தீர்ந்தது. சாயங்காலம் இன்னொன்று வரும் என்றார்கள். குடங்களும் கற்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போனார் தணிகாசலம். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

ஷமீமா அவருடைய வெறுங்கையைப் பார்த்தார்.

“தண்ணி எங்கே?”

“கிடைக்கல மேடம்! எனக்கு முன்னாடியே தீர்ந்துடுச்சு!” லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

“குடம்?”

“வரிசையில இருக்கு.”

ஷமீமா மேசை இழுப்பறையைத் திறந்தார். விசிலை எடுத்து அவர் முன் வைத்தார்.

தணிகாசலம் அதைப் பார்க்கக்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“உட்காருங்க. நடந்ததைச் சொல்லுங்க” என்றார் ஷமீமா.

“நாளைக்கு வந்து சொல்றேன் மேடம். அஞ்சு மணிக்கு லாரி வந்துடும். எஸ்தர் வர ஆறு ஆகும்.”

வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

“அவ கல்லைப் பார்த்துக்கச் சொல்லி என்கிட்ட விட்டிருக்காங்க!”