முப்பது ரூபாய்த் தண்ணீர்

வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள், கலெக்டர் மெஹருன்னிசா தன் பழைய பேராசிரியர் ஞானப்பிரகாசத்தின் வீட்டு முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். நோட்ஸ் தரமாட்டார், பதிலையும் லேசில் தரமாட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது ஒவ்வொரு கையெழுத்தின்போதும் அவர் வகுப்பின் ஜன்னலோர பெஞ்சுக்கு மனம் ஏங்கியது. அங்கே தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் நோகாது.

வீட்டுச் சுவரில் இடுப்பளவு சேற்றுக்கறை. அவர் இளைத்திருந்தார். சட்டைப்பையில் சாக்பீஸ் இல்லாமல் அவரைப் பார்ப்பது என்னவோ போலிருந்தது.

வந்த காரணத்தைச் சொன்னாள். குடிநீர் கேனை முப்பது ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாதென்று நேற்று மாலை உத்தரவு போட்டிருந்தாள். மீறி நேற்றிரவே ஐம்பதுக்கு விற்ற ஆரோக்கியம் என்ற மினிலாரிக்காரர் இப்போது ஸ்டேஷனில் இருக்கிறார். கேஸ் போடலாமா என்று கேட்கிறார்கள்.

“எது சார் நியாயமான விலை?”

அவர் உள்ளே போய் அரை டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். காலையிலிருந்து அலைந்தவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் கிடைக்குமா சார்?”

“கேன்ல இருந்தது அவ்வளவுதாம்மா.”

டம்ளரைக் கீழே வைக்கக் கூசியது அவளுக்கு.

பிறகு அவராகவே சொன்னார். முதல் நாள் ஊருக்குள் ஒரு வண்டியும் வரவில்லை. இரண்டாம் நாள் ஆரோக்கியம்தான் உடைந்த பாலத்தை விட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கேன் எண்பது. இவர் திட்டிக்கொண்டேதான் வாங்கினாராம். அதைக் கேள்விப்பட்டு மறுநாள் நாலு வண்டி வந்தது, அறுபது. நேற்று பதினொரு வண்டி, ஐம்பது.

“இன்னைக்கு சார்?”

“விடிஞ்சதுல இருந்து வாசல்லயே நிக்கிறேன்.”

தெரு காலியாகக் கிடந்தது. அவள் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, ஆரோக்கியத்தை விட்டுவிட்டு வண்டிச்சாவியையும் கொடுக்கச் சொன்னாள். அடுத்து ஆபீசுக்குப் பேசி, நேற்றைய உத்தரவை ரத்து செய்யும் கோப்பைத் தயார் செய்யச் சொன்னாள்.

படியிறங்கியவளுக்கு மனம் ஆறவில்லை. திரும்பி நின்றாள்.

“ஐம்பது ரூபா இல்லாதவங்க என்ன சார் பண்ணுவாங்க?”

“அவங்களுக்கு கவர்மென்ட் வாங்கிக் கொடுக்கட்டும்மா. வாங்குறதுக்கு முதல்ல வண்டி வரணும்.”