எந்தக் கல்லில் நிற்பது

"ஆரம்பிச்சது அந்தச் சந்திரசூடன், அம்மணி. நானில்லை," என்றார் மாசிலாமணி.

சலோமி கோல்ஃப் மைதானத்தில் குனிந்து புல்லின் வேரைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யார் ஆரம்பிச்சதுன்னு நான் கேக்கலையே சார்."

"கேக்காட்டியும் சொல்லோணும். அது தெரிஞ்சாத்தான் மத்தது புரியும்."

"சொல்லுங்க."

சொன்னார்.

மாசிலாமணி திருச்செங்கோட்டுக்காரர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் லாரியில் கம்பி தூக்க ஆரம்பித்து, ஆறு லாரிக்கு முதலாளி ஆனவர். அறுபது வயதில் தொழிலை மகள் கையில் கொடுத்துவிட்டு மலையில் ஒரு வீடு வாங்கினார். வீட்டுக்கு எதிரே கோல்ஃப் கிளப். சேர்ந்தார்.

அங்கே பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் முதல் பந்தை அடிக்க ஒரு மேடு. மேட்டில் நான்கு நிறத்தில் கற்கள் இருக்கும். கருப்புக் கல் குழியிலிருந்து வெகு தூரம். அதற்கு முன்னால் வெள்ளை. அதற்கும் முன்னால் மஞ்சள். குழிக்குக் கிட்டத்தில் சிவப்பு. எந்தக் கல்லருகே நின்று அடிப்பது என்பதை அவரவர் கைப்பலத்தைப் பார்த்து அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

சேர்ந்த முதல் நாள் முதல் குழியின் மேட்டில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். மாசிலாமணி எண்ணி வைத்திருக்கிறார். எல்லோரும் கருப்புக் கல்லருகே நின்றதால் அவரும் அங்கே போய் நின்றார். மூன்று தடவை மட்டையை வீசினார். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் சந்திரசூடன் வாயைத் திறந்தார். தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உங்களுக்கு அந்தச் சிவப்புக் கல் போதும் மாசிலாமணி. இங்க நின்னீங்கன்னா நாங்க எல்லாரும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வீடு போகணும்."

பத்துப் பேர் சிரித்தார்கள். பதினோராவது ஆளுக்குக் காது கேட்காது.

அது நடந்து மூன்று வருடம். அன்றைக்கு நின்ற கருப்புக் கல்லை விட்டு மாசிலாமணி ஒரு நாளும் நகரவில்லை.

"சரி. இப்ப என்ன வேணும் சார்?" என்றாள் சலோமி.

"இந்த மாசக் கடைசியில கோப்பைப் போட்டி. முதல் ஆட்டமே எனக்கும் அவருக்கும் விழுந்திருக்குது. இந்த நாலாங்குழியில, கருப்புக் கல்லுல நின்னு, நான் நடுவுல இருக்கற பள்ளத்தைத் தாண்டி அடிக்கோணும். நீ சொல்லிக்குடு."

"தாண்டினா?"

"தாண்டறதை அவரு பாப்பாரு. பாத்துட்டு, 'அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அது போதும். கோப்பையை அவரே வெச்சுக்கட்டும்."

கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஒரு கோச் இருந்தார். மாசிலாமணி அவரிடம் போகவில்லை. கோச், சந்திரசூடனோடு உட்கார்ந்து காபி குடிப்பவர்.

சலோமி புல்லுக்குப் பொறுப்பானவள். நாற்பது வயது. காலையில் மெம்பர்கள் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு பந்தை ஒரே ஒரு தடவை அடிப்பாள். நாலாங்குழியின் கருப்புக் கல்லிலிருந்து அது பள்ளத்தைத் தாண்டிப் போய்க் குழியில் நட்ட கொடிக்கம்பத்தருகே உட்காரும். மாசிலாமணி அதை இரண்டு தடவை வீட்டு மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்.

"உங்க பையைக் கொண்டாங்க," என்றாள்.

மட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் புல்லில் வரிசையாக வைத்தாள். இருப்பதிலேயே நீளமான மட்டை முகம் தேய்ந்து, பெயின்ட் உதிர்ந்து கிடந்தது. குட்டை மட்டைகள் ஐந்தும் கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன.

"இதுகளை ஏன் பிரிக்கலை?"

"வேலை வரலை."

"மூணு வருஷமாவா?"

"குழிக்குக் கிட்டப் போனாத்தானே அம்மணி அதுக்கு வேலை? போறதுக்குள்ள பந்து தீந்து போயிருது. அஞ்சு பந்து பள்ளத்துல விழுந்ததுன்னா அடுத்த குழிக்குப் போயிருவேன்."

"அங்க பள்ளம் இல்லையே."

"காடு இருக்குதே."

சலோமி சிரிக்கவில்லை. மட்டைகளைத் திரும்பப் பையில் வைத்தாள்.

"போர் எத்தனை அடி போடுவீங்க சார்?"

"தண்ணி வர்ற வரைக்கும்."

"நானூறுல வந்துட்டா?"

"கொஞ்சம் கீழ இறக்கிட்டு நிறுத்திருவேன்."

"லாரியில ஆயிரம் அடிக்குக் கம்பி இருக்குமே?"

"கம்பி இருக்குதுன்னு எவனாச்சும் போட்டுக்கிட்டே போவானா? கிறுக்குப் பிடிச்சிருக்குதா அவனுக்கு?"

சலோமி கருப்புக் கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. "அது தொழில்," என்றார். "இது மானம்."

"சரிங்க சார். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. மட்டை வேண்டாம்."

மறுநாள் கல் தூக்கச் சொன்னாள்.

மாசிலாமணி அதுவரை அந்தக் கற்கள் மண்ணில் நட்டவை என்றே நினைத்திருந்தார். கருப்புக் கல்லைக் குனிந்து தூக்கினார். ஒரு உரித்த தேங்காயின் கனம்கூட இல்லை.

"இதை நகத்துவியா?"

"தெனமும். ஒரே எடத்துல ஆளுங்க நின்னா புல்லு செத்துடும்."

"எவ்வளவு நகத்துவே?"

"நாலடி, ஆறடி. அன்னைக்கு என்ன தோணுதோ."

"யாரைக் கேட்டு?"

"புல்லைக் கேட்டு."

பதினெட்டுக் குழிக்கும் எழுபத்திரண்டு கல். பத்து நாள் அவற்றைத் தூக்கித் தூக்கி வைத்தார். ஆறு லாரி வைத்து வேலை வாங்கியவனை இந்தப் பெண் கல் சுமக்க வைக்கிறாளே என்று முணுமுணுத்தார். முணுமுணுத்தாலும் ஆறு மணிக்கு வந்துவிடுவார். ஒன்றைத் தொடங்கிவிட்டு நடுவில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கோபம் உட்பட.

பத்தாம் நாள் கேட்டுவிட்டார்.

"போட்டிக்கு அஞ்சு நாள்தான் இருக்குது. நீ ஒரு அடி சொல்லிக்குடுக்கலை."

"நாளைக்குப் பையைக் கொண்டாங்க."

பதினோராம் நாள் நாலாங்குழி மேட்டில் ஒரு கல்லும் இல்லை. புல் மட்டும் நனைந்து கிடந்தது.

"கல்லெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"அப்ப நான் எங்க நிக்கறது?"

"அடிக்கற எடத்துல."

மாசிலாமணி மேட்டின் பின்கோடிக்குப் போனார். கருப்புக் கல் எங்கே இருந்தது என்று தேடினார். புல் எங்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. இரண்டடி முன்னால் வந்தார். திரும்பவும் பின்னால் போனார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சலோமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் பள்ளத்தைப் பார்த்தார்.

மூன்று வருடத்தில் எத்தனையோ பந்துகளை விழுங்கிய பள்ளம். அதன் அகலத்தை அவர் நிதானமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு கொடியைப் பார்த்தார். பிறகு தன் கையை.

மெதுவாக நடந்து முன்னால் வந்தார். நின்றார். இன்னும் கொஞ்சம் வந்தார். ஒரு இடத்தில் கால் தானாக நின்றது.

பையிலிருந்து நீள மட்டையை எடுத்தார். இங்கிருந்து அது அதிகம் என்று பட்டது. வைத்துவிட்டுக் குட்டை மட்டை ஒன்றை எடுத்தார். உறை பிரியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தார்.

அடித்தார்.

சத்தம் புதிதாக இருந்தது. பந்து நேராக மேலே ஏறியது, பள்ளத்துக்கு மேலே போயிற்று, கொடிக்கு இந்தப் பக்கம் விழுந்து, இரண்டு தடவை குதித்து நின்றது.

மாசிலாமணி வாயில் இருந்த பிளாஸ்டிக்கைத் துப்ப மறந்துபோனார்.

"இன்னொண்ணு அடிங்க," என்றாள் சலோமி.

ஏழு பந்து அடித்தார். ஐந்து தாண்டின. தாண்டாத இரண்டுக்கும் அவருக்குக் கோபம் வரவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சலோமி தள்ளுவண்டியில் கற்களைக் கொண்டுவந்தாள். முதலில் சிவப்புக் கல்லை எடுத்தாள். மாசிலாமணியைத் தாண்டிப் பின்னால் போய், நாலு எட்டு தள்ளி வைத்தாள்.

"அம்மணி, தப்பா வைக்கறே. சிவப்புத்தானே எல்லாத்துக்கும் முன்னால வரும்?"

"இதுதான் அதோட எடம். நேத்து நீங்க வெச்சது. பதிஞ்ச அடையாளம் இருக்கு பாருங்க."

குனிந்து பார்த்தார். புல்லில் வட்டமாக அமுங்கிய தடம் இருந்தது.

அதற்கும் பின்னால் மஞ்சள் வந்தது. பிறகு வெள்ளை. கருப்பு எங்கேயோ கடைசியில்.

சிவப்புக் கல்லுக்கும் நாலு எட்டு முன்னால் நின்றிருந்தார் மாசிலாமணி. ஆளே இல்லாத மைதானத்தில் அவருக்குக் காது இரண்டும் சூடாயிற்று.

"யார்கிட்டயும் சொல்லிராதே," என்றார்.

"எதைங்க சார்?"

போட்டியன்று ஒரு வழக்கம் உண்டு. கிளப் வாசலில் கரும்பலகை இருக்கும். ஆடுகிறவர் தன் பெயரையும், தான் நிற்கப்போகும் கல்லையும் தன் கையாலேயே எழுத வேண்டும். எழுதிவிட்டால் ஆட்டம் முடியும்வரை மாற்ற முடியாது. அந்தந்தக் கல்லுக்குத் தக்கபடி யாருக்கு எத்தனை அடி கூடுதலாக அடிக்கச் சலுகை என்பதைக் கிளப்பே பார்த்துக்கொள்ளும்.

சந்திரசூடன் 'கருப்பு' என்று எழுதினார். அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. இடுப்பில் பட்டை கட்டியிருந்தார்.

மாசிலாமணி சாக்பீஸை வாங்கினார். அவருக்கு எழுத நேரமாகும். ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக, 'சிவப்பு' என்று எழுதினார்.

மூன்று பேர் சிரித்தார்கள். அதையும் எண்ணிக்கொண்டார்.

நாலாங்குழியில் சந்திரசூடனின் முதல் பந்து பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

"காத்து," என்றார் சந்திரசூடன்.

கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது பந்தும் பள்ளத்துக்குப் போயிற்று. அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் அவரிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. யாரும் சொல்லவில்லை. மாசிலாமணியும் சொல்லவில்லை.

அவர் சிவப்புக் கல்லருகே நின்று, குட்டை மட்டையால் அடித்துத் தாண்டினார்.

மூன்று குழி மிச்சம் இருக்கும்போதே, இனி எட்டிப்பிடிக்க முடியாது என்றாகி, ஆட்டம் முடிந்துவிட்டது. மாசிலாமணி ஜெயித்திருந்தார்.

சந்திரசூடன் வந்து கை குலுக்கினார். "நல்லா அடிச்சீங்க."

மாசிலாமணி கையை விடவில்லை. காத்திருந்தார்.

"என்ன?" என்றார் சந்திரசூடன்.

"மூணு வருஷத்துக்கு முன்னால, என்னோட முதல் நாள்ல, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க."

"நானா? என்ன சொன்னேன்?"

நடிப்பில்லை. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

மாசிலாமணி வாயைத் திறந்தார். ஞாபகப்படுத்த வேண்டும் என்றால் அந்த வார்த்தையைத் தானே சொல்ல வேண்டும். உங்களுக்குச் சிவப்புக் கல் போதும் என்று. சிவப்புக் கல்லில் நின்று ஜெயித்த கையோடு.

வரவில்லை.

"ஒண்ணுமில்லைங்க," என்றார்.

சந்திரசூடன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு மாசிலாமணி நாலாங்குழி மேட்டில் இருந்தார். சலோமி கற்களை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்களாமே சார்."

"ஜெயிச்சேன். வார்த்தை வரலை."

"கேட்டீங்களா?"

"பாதி கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லையாம். அத்தனை பேரு முன்னால சொன்னது, அம்மணி."

"நீங்க எடுத்துச் சொல்லலாமே."

"நான் ஏன் சொல்லோணும்? அவராவே நெனச்சு, அவராவே நடந்து எங்கிட்ட வந்து சொல்லோணும்."

"தூரமாச்சே."

"இருக்கட்டும்."

"நீங்க கொஞ்சம் முன்னால வரக்கூடாதா?"

"வரமாட்டேன்."



சலோமி மேட்டின் பின்கோடிக்கு நடந்து போனாள். கருப்புக் கல்லைத் தூக்கினாள். இன்னும் பத்தடி பின்னால் கொண்டுபோய், வேலியை ஒட்டி வைத்தாள்.

"அப்ப இங்க நில்லுங்க சார்," என்றாள்.

மாசிலாமணி போய் நின்றார்.