தேயாத பலகை

“நம்ம கோயில்ல தடுப்புக் கட்டையே இருந்ததில்ல. அப்படித்தான் எழுதப் போறேன்” என்றார் வேதமுத்து வாத்தியார்.

கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியம்மா எப்சிபாள், பீடத்துத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். வாத்தியாரைவிட முப்பது வயது இளையவர்.

வெள்ளைக்காரத் துரை மலையிலிருந்து தேக்கு இறக்கிக் கட்டிய வேதக்கோயில் அது. தூண், சுவர், தரை எல்லாமே மரம். நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பு வாத்தியாருக்கு. நாளைக்கு அச்சுக்குப் போகிறது.

ஊரில் ஒரு பேச்சு உண்டு. முன்னால் ஒரு சாதி, பின்னால் ஒரு சாதி என்று பிரிக்க, நடுவே ஒரு சாண் உயரத்தில் மரக் கட்டை கிடந்ததாம். எழுபது வருஷத்துக்கு முன்னால் பிடுங்கிவிட்டார்களாம். இந்தப் பேச்சை எடுத்தாலே வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“உங்ககிட்ட வேதம் படிக்கிறவன் பொய் எழுத மாட்டேன்மா. ஒரு அடையாளம் காட்டுங்க, மாத்திடுதேன்.”

“பாயைச் சுருட்டுங்கய்யா.”

விழாவுக்கு விரித்திருந்த புதுப் பாயைச் சுருட்டினார்.

“வாசல்லேருந்து தரையைத் தடவிக்கிட்டே வாங்க.”

“இந்த வயசுலயா?”

வாத்தியார் முனகிக்கொண்டே முட்டிபோட்டார்.

எத்தனையோ வெறுங்கால்கள் நடந்த பலகை, வழவழவென்று இருந்தது. பாதிக் கோயிலில் கையில் சொரசொரவென்று தட்டுப்பட்டது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, ஒரு சாண் அகலத்துக்குத் தரை தேயவே இல்லை. தச்சன் உளி பட்ட வெட்டுகூட அப்படியே இருந்தது. இரண்டு முனையிலும் ஆப்படித்து மூடிய துளைகள்.

வாத்தியார் ஒரு துளையில் விரலை வைத்தார்.

“இருந்திருக்கு!”

“ஆமா.”

“பிடுங்கித்தான் எழுபது வருஷமாச்சே. அதுக்கப்புறம் எத்தனை பேர் நடந்திருக்கோம்! இது ஏம்மா தேயல?”

“தெரியலியா?”

“சத்தியமா தெரியல.”

“எந்திரிச்சு இங்க வாங்க.”

விடுகதை போடுகிற நேரமா இது? வாத்தியார் உபதேசியம்மாவை முறைத்தபடியே எழுந்து விறுவிறுவென்று கிளம்பினார்.

“நில்லுங்க!”

நின்றார்.

“எதைத் தாண்டுதீய?”

வாத்தியார் குனிந்து பார்த்தார்.

தேயாத பலகைக்கு மேலே, வலது கால் ஒரு சாண் உயரத்தில் நின்றது.