கைப்பிடிக்கும் கேமராவுக்கும் நடுவில்

ஒரு படப்பிடிப்புக் குழுவில் ஒரு கேமரா இருந்தது. வாடகைக்கு வந்த கேமராதான். ஆனாலும் விலை உயர்ந்தது என்பதால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பத்து வருஷ உழைப்பில் ஒரு தடவைகூட ஓடும்போது நடுவில் நின்றதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்.

தனியாக நிற்க அதற்கு வக்கில்லை என்பதை மட்டும் சொல்லாது. மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று, அதன் உச்சியில் ஓர் இரும்புத் தலை, தலையிலிருந்து பின்பக்கமாக நீண்ட ஒரு கைப்பிடி, இத்தனை பேர் சேர்ந்து அதைத் தாங்கினார்கள். கைப்பிடியைத் தள்ளினால் தலை திரும்பும். தலை திரும்பினால் கேமராவும் திரும்பும்.

அந்தத் தலைக்குள்ளே யார் கண்ணிலும் படாமல் ஓர் எண்ணெய் குடியிருந்தது. தலைக்குள் மெல்லிய தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு தட்டு ஸ்டாண்டைச் சேர்ந்தது, அடுத்தது கேமராவைச் சேர்ந்தது, இப்படி மாறி மாறி. அவற்றின் இடுக்கில் தேனைவிடக் கெட்டியாக இந்த எண்ணெய் இருக்கும். இரண்டு பக்கத் தட்டுகளையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்பதுதான் அதன் வேலை.

பாவம், சுபாவத்திலேயே பயந்த எண்ணெய் அது. மெதுவாகத் தள்ளினால் வழிவிடும். திடுக்கென்று தள்ளினால் பதறிப்போய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

"மெல்ல... மெல்ல..." என்று நாள் முழுக்க முனகும்.

கேமராவுக்கு எரிச்சலாக வரும். "எனக்குத் திரும்பத் தெரியாதா? எந்தப் பக்கம் போனாலும் பின்னால் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறாயே! நீ இல்லாவிட்டால் நான் காற்று மாதிரி திரும்புவேன்."

"கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எண்ணெய் சொல்லும்.

"உனக்கு என்ன பயம்? உன்னை யார் பார்க்கப்போகிறார்கள்?"

எண்ணெய் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அது பயப்பட ஒரு காரணம் இருந்தது. அந்தக் கேமராவை இயக்கியவர் லிடியா என்ற பெண்மணி. இருபது வருஷமாக இதே தொழில். எந்தப் படமானாலும் இதே கேமராவையும் ஸ்டாண்டையும்தான் வாடகைக்கு எடுக்கச் சொல்வார். போன வருஷத்திலிருந்து அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பெரிய நடுக்கம் இல்லை. காப்பி டம்ளரைத் தூக்கினால் காப்பி விளிம்பில் சுற்றும், அவ்வளவுதான். ஆனால் ஒளிப்பதிவு செய்கிறவருக்குக் கை நடுங்குகிறது என்று ஒரே ஒருவர் காதில் விழுந்தால் போதும், அதன்பின் போன் அடிக்காது. எனவே லிடியா காப்பியை இடது கையால் குடித்தார். யாராவது கேட்டால், வலது கையில் வேலை இருக்கிறது என்று சிரித்து மழுப்பினார்.

இது கைப்பிடிக்குத் தெரியும். கைப்பிடி ஒரு வெள்ளந்தி. தனக்கு வந்ததை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடும். கை நடுங்கும்போதெல்லாம் அந்த நடுக்கத்தைத் தலைக்குள் கொண்டுபோய்க் கொட்டும். அங்கே எண்ணெய் அதைப் பிடித்து நிறுத்திவிடும். கேமராவரை அது போனதே இல்லை. கேமராவுக்கு லிடியாவின் கை நடுங்கும் என்ற விஷயமே தெரியாது.

தலைக்கு வெளியே இரண்டு வளையங்கள் இருந்தன. இரண்டிலும் பூஜ்யம் முதல் ஏழுவரை எண்கள். ஒன்று பக்கவாட்டில் திரும்புவதற்கு, இன்னொன்று மேலும் கீழும் சாய்வதற்கு. எண் கூடினால் எண்ணெயின் பிடி கூடும். பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் தட்டுகள் விலகிவிடும், எண்ணெய்க்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே இருக்காது. லிடியா எப்போதும் பக்கவாட்டு வளையத்தை ஐந்திலும் மற்றதை மூன்றிலும் வைப்பார்.

அன்றைக்கு ஒரு சிறிய ஊரில் படப்பிடிப்பு. ஊர் நடுவில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி, ஆறு தூண்மேல் நின்றது. ஆபத்தான நிலை என்று அதை இடிக்கப்போகிறார்கள். அது இடிந்து விழுவதையே படத்தில் வைத்துக்கொள்ள இயக்குநர் மாறன் அனுமதி வாங்கியிருந்தார். மொட்டை மாடியில் நிற்கும் கதாநாயகியின் முகத்தில் ஷாட் தொடங்க வேண்டும். அங்கிருந்து கேமரா மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பித் தொட்டிக்கு வரும்போது தொட்டி விழ வேண்டும்.

"அக்கா, தொட்டி ஒரே தடவைதான் விழும். ரெண்டாவது டேக்கே கிடையாது. இது போச்சுன்னா படத்துக்கு முடிவே கிடையாது" என்றார் மாறன். அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

"தெரியுது மாறன். நீங்க போய் மானிட்டர்ல உக்காருங்க, எல்லாம் நல்லா வரும்" என்றார் லிடியா.

தைரியமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் வேன் பின்னால் போய் நின்று, வலது கையை இடது அக்குளில் அழுத்தி வைத்துக்கொண்டார். இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கை அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக நடுங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தயாரிப்பாளர் கஜபதி கேமரா பக்கம் வந்தார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர், இதுதான் முதல் படம். சினிமாவைப் பற்றி அவருக்குத் தெரியாது, எண்களைப் பற்றி நிறையத் தெரியும். எட்டு என்றாலே ஆகாது. இந்த ஷாட்டின் எண் இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு என்று சொல்லி, கிளாப் பலகையில் அதை இருபத்தேழு என்று மாற்றச் செய்திருந்தார். வண்டி எண், ஓட்டல் அறை எண், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் ஆட்களின் எண்ணிக்கை, ஒன்றையும் விட்டுவைப்பதில்லை.

அவர் கேமராவைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கும்பிட்டு நிமிரும்போது அவர் கண் வளையங்களில் விழுந்தது.

"அஞ்சு... மூணு..." முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ, எட்டுல்ல வருது! யாருய்யா இதை வச்சது?"

பக்கத்தில் யாரும் இல்லை. நல்ல காரியத்துக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவருடைய ராசி எண் மூன்று. மூன்றில் இருந்த வளையத்தைத் தொடவில்லை. ஐந்தில் இருந்ததைத் திருப்பிப் பூஜ்யத்தில் நிறுத்தினார். இப்போது கூட்டினால் மூன்று. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிட்டுக் குடைக்கடியில் போய் உட்கார்ந்தார்.

தலைக்குள் தட்டுகள் விலகின.

"ஐயோ, பக்கவாட்டில் எனக்கு எதுவும் சிக்கவில்லையே!" என்று எண்ணெய் அலறியது. "யாராவது வளையத்தைத் திருப்புங்களேன்!"

கேமராவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். லேசாக அசைந்து பார்த்தது. பின்னால் யாரும் பிடித்து இழுக்கவில்லை. "அப்பாடா! ஒழிந்தது சனியன். இன்றைக்குப் பார், நான் திரும்பப்போகிற அழகை!"

"உனக்குத் தெரியாது. உனக்கு ஒன்றும் தெரியாது" என்று எண்ணெய் புலம்பியது.

முதல் விசில் ஊதினார்கள். ஆட்களை விலகச் சொல்லும் விசில் அது. இரண்டாவது விசிலில் இரும்புக் கயிறுகள் இறுகும். மூன்றாவதில் இழுத்துவிடுவார்கள். லிடியா ஓடிவந்து கேமராவை ஓடவிட்டார். கைப்பிடியில் வலது கையை வைத்து, கண்ணைப் பார்வைத் துவாரத்தில் பொருத்தினார்.

கதாநாயகியின் முகம் ஆடியது.

கேமரா திடுக்கிட்டது. "என்ன இது? நிலநடுக்கமா?"

"நிலம் இல்லை. அவர் கை" என்றது எண்ணெய்.

"கையா?"

"ஒரு வருஷமாக இப்படித்தான்."

கைப்பிடி வழியாக நடுக்கம் வந்துகொண்டே இருந்தது, விட்டு விட்டு, சின்னச் சின்னதாக. ஒரு வருஷமாக இது தினமும் வந்திருக்கிறது. தனக்கு ஒரு துளிகூடத் தெரியாமல் ஒருவர் அதை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைத்தான் சனியன் என்று சொல்லிவிட்டோமே என்று கேமராவுக்கு வெட்கமாகிவிட்டது.

வெட்கப்படவும் நேரம் இல்லை. மானிட்டர் பக்கமிருந்து மாறன் கத்தினார். "அக்கா, ஃப்ரேம் ஆடுதே! என்னக்கா ஆச்சு?"

லிடியாவுக்கு வியர்த்துக் கொட்டியது. வளையம் மாறியது அவருக்குத் தெரியாது. கை முற்றிப்போய்விட்டது, இனி மறைக்க முடியாது என்றுதான் நினைத்தார். இத்தனை நாள் எந்த நாளை நினைத்துப் பயந்தாரோ அந்த நாள் வந்தேவிட்டது. அதுவும் எல்லோர் முன்னாலும், ஒரே தடவை விழப்போகிற தொட்டிக்கு எதிரில். பயத்தில் கை இன்னும் நடுங்கியது.

"மாறன்..." என்று தொடங்கினார். தொண்டையைச் செருமினார். "மாறன், வேற யாராச்சும் வந்து..."

"சொல்லப்போகிறார்!" என்று எண்ணெய் துடித்தது. "தன் வாயாலேயே சொல்லப்போகிறார். கேமரா, ஏதாவது செய்யேன்!"

"நான் என்ன செய்ய முடியும்? என்னால் வளையத்தைத் திருப்ப முடியுமா?"

"அவரைக் குனிய வை. குனிந்தால் வளையம் கண்ணில் படும்."

கேமராவுக்குப் புரிந்தது. லிடியா குனிய வேண்டுமானால் கீழே இருக்கும் பேட்டரி ஒயரைப் பார்க்க வேண்டும். ஒயரைப் பார்க்க வேண்டுமானால் கேமரா நிற்க வேண்டும். நடுவில், ஓடிக்கொண்டிருக்கும்போதே. பத்து வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியம். நின்றுவிட்டால் மறுபடி ஓடுவோமா என்றுகூட அதற்கு நிச்சயமாகத் தெரியாது. ஓடாவிட்டால் தொட்டி பாட்டுக்கு விழுந்து போகும். பழி முழுக்கத் தன் தலையில்தான்.

அதற்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டது.

சிவப்பு விளக்கு அணைந்தது. மானிட்டர் கறுத்துப்போனது.

"கேமரா நின்னுருச்சு!" மாறன் எழுந்தே விட்டார்.

லிடியா சொல்ல வந்ததை மறந்தார். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் பேட்டரி ஒயருக்குப் போனது. குனிந்தார். இரண்டாவது விசில் ஊதியது. தொட்டியைக் கட்டியிருந்த கயிறுகள் மண்ணிலிருந்து எழும்பி விறைத்தன.

ஒயர் ஒழுங்காக இருந்தது. நிமிரப்போனவரின் பார்வையில் வளையம் பட்டது. பூஜ்யம்.

அதன்பின் அவர் முகத்தில் வந்ததை அழுகை என்றும் சொல்லலாம், சிரிப்பு என்றும் சொல்லலாம். வளையத்தைப் பிடித்து ஐந்துக்குத் திருப்பினார்.

"மேடம், மேடம், அதைத் தொடாதீங்க!" கஜபதி குடைக்கடியிலிருந்து ஓடிவந்தார். "எட்டு வந்துரும் மேடம்! நான்தான் பாத்து மாத்தி வச்சேன்!"

"சார், எட்டு என் தலையில விடியட்டும். நீங்க அந்தப் பக்கம் போங்க!"

லிடியா பொத்தானை அழுத்தினார். கேமரா உள்ளுக்குள் எதை எதையோ வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தது. திறந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. தலைக்குள் எண்ணெய் இரண்டு பக்கத் தட்டுகளையும் உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது விசில்.

லிடியா கைப்பிடியைத் தள்ளினார். நடுக்கம் வந்தது, வழியிலேயே நின்றது. கதாநாயகியின் முகம் அசையாமல் இருந்தது, பிறகு மெல்ல விலகியது. மாடிக் கைப்பிடிச் சுவர் வந்தது, துணிக்கொடி வந்தது, வெறும் வானம் கொஞ்ச நேரம் வந்தது. "மெல்ல... மெல்ல..." என்றது எண்ணெய். "சரி, மெல்லவே போகலாம்" என்றது கேமரா. தொட்டி வந்து நடுவில் நின்றதும் தூண்கள் முறிந்தன. அத்தனை பெரிய தொட்டியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து புழுதிக்குள் இறங்கியது.

"கட்!" என்றார் மாறன். ஓடிவந்து லிடியாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அக்கா, இவ்ளோ ஸ்டெடியான கையை நான் பாத்ததே இல்லக்கா. அடுத்த படமும் நீங்கதான்!"

"கையை விடுங்க மாறன், எல்லாரும் பாக்குறாங்க" என்று லிடியா அதை மெதுவாக உருவி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

கஜபதிக்கு மட்டும் கோபம் தணியவில்லை. எட்டு வைத்ததால்தான் கேமரா நின்றது என்றார். கேமரா நின்றது எட்டு வைப்பதற்கு முன்னால் என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள். அப்படியானால் கேமராதான் ராசியில்லாதது என்றார். சாயங்காலமே அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டி, கோளாறு என்று எழுதி, திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். லிடியா அந்த டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதை அவர்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

பெட்டிக்குள் வைப்பதற்காகக் கேமராவைத் தலையிலிருந்து கழற்றத் தொடங்கினார்கள். பிரிகிற நேரத்தில் அது எண்ணெயிடம் கேட்டது:

"நான் உன்னை என்னென்னவோ திட்டினேன். ஒரே ஒரு தடவை அவர் கையைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பேனே. ஏன் சொல்லவில்லை?"

எண்ணெய் வழக்கம்போலக் கொஞ்சம் பயந்துகொண்டே சொன்னது:

"உனக்குத் தெரியக் கூடாது என்றுதானே என்னை நடுவில் வைத்தார்கள்."